ஆறு எழுத்து, முப்பத்தாறு பைட்

இன்னைக்கு எபிசோடு ஒரு கூரியர் பார்சல்ல இருந்து ஆரம்பிக்குது.

நான் இருக்கிறது நெமிலிச்சேரி. சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம் பக்கம் போற மின்சார ரயில்ல ஏறினா, ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் எல்லாம் தாண்டி, திருநின்றவூருக்கு முன்னாடி வர்ற சின்ன ஸ்டேஷன். ரயில் பழக்கம் இல்லாதவங்களுக்கு இப்படிச் சொல்றேன்: வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் போற அவுட்டர் ரிங் ரோடு, நடுவுல திருவள்ளூர் ஹைரோட்டைத் தொடுற இடம்.

கொஞ்ச நாள் முன்னாடி ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்கினேன். முகவரியைத் தமிழ்லயே அடிச்சேன். டெலிவரி பண்ற தம்பி போன் பண்ணார். "சார், நெமிலிச்சேன்னு போட்டிருக்கு. நெமிலியா, நெமிலிச்சேரியா?" நெமிலி இருக்கிறது ராணிப்பேட்டை மாவட்டத்துல. நல்லவேளை, பின்கோடு இருந்ததால வண்டி இந்தப் பக்கம் வந்துடுச்சு. பார்சலை வாங்கிப் பார்த்தேன். லேபிள்ல "நெமிலிச்சே", அதுக்குப் பக்கத்துல ஒரு கறுப்பு வைரம், வைரத்துக்குள்ள ஒரு கேள்விக்குறி. "ரி" காணோம்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். பார்த்த உடனே புரிஞ்சுடுச்சு. எங்கேயோ ஒரு டேட்டாபேஸ்ல ஊர்ப் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருக்காங்க. எங்க ஊர்ப் பெயருக்கு வேண்டியது 36. முதல் 30 பைட்ல "நெமிலிச்சே" முடிஞ்சுடும். மிச்சம் இருந்த ரெண்டு பைட்ல "ர" பாதிதான் ஏறும். அந்தப் பாதி எழுத்துதான் வைரம்.

ஆறு எழுத்துப் பெயருக்கு எதுக்கு 36 பைட்? இங்கிலீஷ்ல எழுதினா பதினோரு எழுத்து, பதினோரு பைட். இந்தக் கணக்கு எங்க இருந்து வந்தது, யார் முடிவு பண்ணாங்க? அதுதான் இன்னைக்கு நாம பார்க்கப்போற வரலாறு. இதுல எனக்குச் சொந்தமா ஒரு அக்கறையும் இருக்கு. என் மாமா நெமிலிச்சேரியில டிடிபி கடை வெச்சிருந்தார். 2001-ல தாத்தா சொல்லச் சொல்ல அவரோட வாழ்க்கைக் கதையை மாமா டைப் பண்ணி ஒரு சிடியில போட்டு வெச்சார். தாத்தா இப்ப இல்லை. சிடி இருக்கு. ஃபைல் திறக்குது. ஆனா படிக்க முடியலை. அதுக்குக் கடைசியில வர்றேன்.

படியும் உழக்கும்

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணை வைக்க ஒரு பெட்டி வேணும். பெட்டியோட அளவை முன்கூட்டியே முடிவு பண்ணிடணும்.

நம்ம ஊர்ல நெல் அளந்த கணக்கை நினைச்சுப் பாருங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. ஒவ்வொண்ணும் முந்தினதுல ரெண்டு மடங்கு. கம்ப்யூட்டர்ல முழு எண் பெட்டிகளும் அப்படித்தான்: 8 பிட், 16 பிட், 32 பிட், 64 பிட். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பெட்டி ரெண்டு மடங்கானா, அதுல வைக்கக்கூடிய எண்களோட எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆகுறதில்லை, வர்க்கமா பெருகும். 8 பிட்ல 256 வெவ்வேறு எண்கள். 16 பிட்ல 65,536. 32 பிட்ல 429 கோடிக்கு மேல.

பெட்டி நிரம்பினா என்ன ஆகும்? 2014 டிசம்பர்ல 'கங்னம் ஸ்டைல்' பாட்டு யூடியூப்ல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 பார்வைகளைத் தாண்டுச்சு. மைனஸ் எண்ணுக்கும் இடம் விட்ட 32 பிட் பெட்டியில வைக்கக்கூடிய மிகப்பெரிய எண் அதுதான். இப்படி ஒரு நாள் வரும்னு நினைக்கவே இல்லைன்னு யூடியூப் சொல்லிட்டு, எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாத்துச்சு. அது சிரிச்சுட்டுப் போற கதை. 1996 ஜூன் 4 அன்னைக்கு ஏரியன் 5 ராக்கெட், 64 பிட்ல இருந்த ஒரு அளவை 16 பிட் பெட்டிக்குள்ள போடப் பார்த்துத் தடுமாறி, கிளம்பின 40 விநாடிக்குள்ள சிதறுச்சு. அது சிரிக்க முடியாத கதை.

ஆரம்ப காலத்துல இந்தப் பெட்டிகளோட அளவு எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்லை. சி மொழியில 'இன்ட்'னு சொன்னா, ஒரு மெஷின்ல 16 பிட், இன்னொண்ணுல 32. மொழியோட விதி குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லுச்சு. 'கேர்' என்ற எழுத்துப் பெட்டிக்குக் குறைஞ்சபட்சம் 8 பிட். 1995-ல வந்த ஜாவாதான் கறாரா நின்னுச்சு: பைட் 8, ஷார்ட் 16, இன்ட் 32, லாங் 64, எந்த மெஷினா இருந்தாலும். சி மொழிக்கு இப்படி அளவு குறிச்ச பெயர்கள் 1999 தரத்துலதான் வந்துச்சு.

இதுல தமிழ் எங்க மாட்டுச்சு?

128 இடத்துல 247 எழுத்து

ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்த ஆஸ்கி முறை 1963-ல் வெளியானது. அது 7 பிட் முறை, மொத்தம் 128 இடங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி எல்லாம் அதில் அடங்கிவிட்டன. பிறகு 8 பிட் பைட் பரவலானபோது மேலே இன்னொரு 128 இடங்கள் கிடைத்தன. உலகத்தில் மற்ற மொழிகள் எல்லாம் அந்த மேல்தளத்தில் குடியேறப் பார்த்தன.

தமிழ் எழுத்து எத்தனை? ஸ்கூல்ல படிச்சதுதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. கிரந்த எழுத்து இன்னும் தனி. 247-ஐ 128-க்குள்ள எப்படி அடைக்கிறது?

முடியாது. அதனால எழுத்தை உடைச்சாங்க. 'கெ'ன்னு ஒரு எழுத்துக்கு இடம் தராம, ஒற்றைக் கொம்புக்கு ஒரு எண், 'க'வுக்கு ஒரு எண். ஆனா 'கு', 'கூ' மாதிரி ஒவ்வொண்ணும் வேற வேற உருவமா இருக்கிறதுக்குத் தனி இடம் தந்தே ஆகணும். இப்படி அச்சுக்கோப்புல ஈய எழுத்து பொறுக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியிற துண்டுகளுக்கு எண் கொடுத்தாங்க.

1980-களிலேயே கனடா, மலேசியா போன்ற இடங்களில் வாழ்ந்த தமிழர்கள் தங்கள் சொந்த முயற்சியில் தமிழ் மென்பொருள்களை எழுதினார்கள். கனடாவில் முனைவர் கே. சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', சுவிட்சர்லாந்தில் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்'. அரசாங்கமோ பெரிய கம்பெனியோ செய்யாத வேலை. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். இலங்கைத் தமிழர்களிடம் மிகவும் பரவிய பாமினி எழுத்துரு, மேல்தளத்தை விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும்.

இங்கதான் இன்னைக்குத் தலைப்போட இன்னொரு பாதி வருது. ஒரு புரோகிராம்ல இருக்கிற விஷயத்தை ஃபைலாவோ நெட்வொர்க்லயோ அனுப்ப, வரிசையா பைட்டுகளா மாத்துறதுக்கு சீரியலைசேஷன்னு பேர். அனுப்புறவரும் வாங்குறவரும் ஒரே அட்டவணையை வெச்சிருந்தாத்தான் அது வேலை செய்யும். 1990-கள்ல தமிழ்ல ஒரு மெயில் அனுப்பினா, கூடவே ஃபான்ட்டையும் அனுப்பணும். டிடிபி கடைக்குப் பத்திரிகை அடிக்கப் போனா, முதல் கேள்வியே "என்ன ஃபான்ட்ல அடிச்சீங்க?"

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 'தமிழ்நெட் 97' கருத்தரங்கை நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தமிழக அரசு நடத்தியது. நீங்க போன்ல பார்க்கிற தமிழ்99 கீபோர்டு அங்க இருந்து வந்ததுதான். கூடவே இரண்டு 8 பிட் அட்டவணைகளும் வந்தன. 'டேப்' என்பது ஆங்கிலத்தைக் கீழ்த்தளத்தில் வைத்துக்கொண்டு தமிழை மேலே வைத்தது. 'டேம்' என்பது இரண்டு தளத்தையும் தமிழுக்கே கொடுத்தது. இதற்கு இணையாக, இணையத்தில் கூடிப் பேசிய தமிழ் ஆர்வலர்கள் 'டிஸ்கி' என்ற இருமொழி அட்டவணையை உருவாக்கினார்கள்.

டிஸ்கியில 'நெமிலிச்சேரி' எவ்வளவு தெரியுமா? கொம்பு, ந, ம, கொக்கி, ல, கொக்கி, ச், இரட்டைச்சுழிக் கொம்பு, ச, ர, கொக்கி. எண்ணிப் பாருங்க, பதினொண்ணு. இங்கிலீஷுக்கும் பதினொண்ணு. இடத்தைப் பொறுத்தவரை நாம அன்னைக்குச் சரிசமமா இருந்தோம். ஆனா நம்ம ஃபைலை அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டர்ல படிக்க முடியாது.

'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவுல மூணு காலி மனை

இதே காலத்தில் இன்னொரு பாதை ஓடிக்கொண்டிருந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இஸ்கி என்ற 8 பிட் தரம் 1988-ல் வந்தது. 1991-ல் இந்தியத் தர நிறுவனம் அதைத் திருத்திய வடிவில் ஏற்றது. தேவநாகரி, வங்காளி, தெலுங்கு, தமிழ் எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம். ஒரே எண்ணை இந்தியில் பார்த்தால் இந்தி 'க', தமிழில் பார்த்தால் தமிழ் 'க'.

1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு 1988 இஸ்கியின் வரிசையே அடிப்படையானது. ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 இடம் கொண்ட ஒரு மனை. தமிழுக்குக் கிடைத்தது 2,944 முதல் 3,071 வரை. அதில் 'க'வின் எண் 2,965. 'ங'வின் எண் 2,969. நடுவில் மூன்று எண்கள் காலி. இந்தியில் 'க'வுக்குப் பிறகு வரும் மூன்று அழுத்த ஒலிகளுக்கான இடம் அது. தமிழில் அந்த எழுத்துகள் இல்லை, அதனால் இன்றும் காலியாகவே கிடக்கிறது. வரிசையும் நம்முடையது இல்லை. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று நாம் படிக்கிறோம். யூனிகோட் எண்களின்படி அடுக்கினால் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். 'ன'வோ 'ந'வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

யூனிகோட் நம்ம எழுத்தை வேற மாதிரி உடைச்சுது. 'நெ' என்பது 'ந' கூட்டல் கொம்பு. 'ச்' என்பது 'ச' கூட்டல் புள்ளி. இந்தக் கணக்குல நெமிலிச்சேரி 12 எண்கள். கண்ணுக்குத் தெரியிற வரிசையை விட்டுட்டு உச்சரிக்கிற வரிசையை எடுத்ததால, கொம்பு எப்பவும் எழுத்துக்குப் பின்னாடிதான் வரும். இது பின்னாடி முக்கியமாகும், ஞாபகம் வெச்சுக்கங்க.

அந்த முதல் யூனிகோட் 16 பிட் கனவு. 65,536 இடம் உலகத்துக்கே போதும்னு நினைச்சாங்க. அதை நம்பித்தான் ஜாவா தன்னோட 'கேர்' பெட்டியை 16 பிட்டா வெச்சுது. 1996-ல் யூனிகோட் 2.0 வந்தபோது அது போதாது என்று ஒப்புக்கொண்டு, எல்லையைப் பதினோரு லட்சத்துக்கு மேல் நீட்டினார்கள். 65,535-க்கு மேல் உள்ள எண்ணுக்கு இரண்டு 16 பிட் பெட்டிகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஜாவாவும் விண்டோஸும் அந்தப் பழைய முடிவை இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கு.

சாப்பாட்டு மேசையில் எழுதிய கணக்கு

16 பிட் எண்ணைப் பைட்டா பிரிச்சு எழுதினா ஒரு சண்டை உண்டு. பெரிய பாதி முதல்லயா, சின்ன பாதி முதல்லயா? நம்ம முகவரியில கதவு எண் முதல்ல, ஊர் கடைசியில. ஜப்பான்ல ஊர் முதல்ல, கதவு எண் கடைசியில. ரெண்டும் சரிதான், எந்த முறைன்னு முன்னாடியே சொல்லிட்டா. 1980-ல் டேனி கோஹன் எழுதிய கட்டுரை ஒன்று, கலிவரின் பயணங்கள் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போட்டவர்களின் பெயரை இந்த இரண்டு கட்சிகளுக்கும் வைத்தது. அதுவே நிலைத்துவிட்டது.

'க'வோட எண் 2,965. ரெண்டு பைட்டா பிரிச்சா 11, 149. வாங்குறவர் தலைகீழாப் படிச்சா 149, 11. அது 38,155. அந்த எண்ல இருக்கிறது ஒரு சீன எழுத்து. கத்தியோட கூர்முனைன்னு அர்த்தம். ஒரு 'க' அனுப்பினேன், கத்தி போய்ச் சேர்ந்தது.

1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் விரித்திருந்த தாளில் தாம்சன் ஒரு முறையை வரைந்து காட்டினார். அதுதான் யூடிஎஃப்-8. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு பெட்டி என்பதையே அவர்கள் கைவிட்டார்கள். 128-க்குக் கீழே உள்ள எண்ணுக்கு ஒரு பைட். 2,048-க்குக் கீழே இரண்டு. 65,536-க்குக் கீழே மூன்று. அதற்கு மேல் நான்கு. முதல் பைட்டைப் பார்த்தாலே இந்த எழுத்துக்கு இன்னும் எத்தனை பைட் வரும் என்று தெரிந்துவிடும். பைட்டுகளின் வரிசை ஒன்றே ஒன்றுதான், முட்டைச் சண்டைக்கு இடமில்லை. பழைய ஆஸ்கி ஃபைல்கள் ஒரு பைட் கூட மாறாமல் அப்படியே செல்லும்.

அபாரமான முறை. ஆனா ஒரு பைட் வரிசையில யார் இருக்காங்க? இங்கிலீஷ். ரெண்டு பைட்ல? கிரேக்கம், ரஷ்யன், அரபி. நம்ம எண் 2,944-ல ஆரம்பிக்குது. 2,048-ஐத் தாண்டிட்டோம். அதனால தமிழுக்கு மூணு பைட். 'க'ன்னா 224, 174, 149. ஜாவாவுல இதையே பைட்டா கேட்டா மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 107னு காட்டும். ஏன்னா ஜாவாவோட பைட் பெட்டி 127 வரைக்கும்தான் போகும், மீதியெல்லாம் மைனஸ் பக்கம். புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப இதைப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க என் புரோகிராம்ல தப்பு தேடினேன்.

இப்ப கணக்கைக் கூட்டிடலாம். நெமிலிச்சேரி நம்ம கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோட் எண்ணாப் பார்த்தா 12. 16 பிட் பெட்டியில வெச்சா 24 பைட். யூடிஎஃப்-8-ல 36 பைட். பைத்தான்ல ஜேசனா மாத்தச் சொல்லி வேற எதுவும் சொல்லாம விட்டா, ஒவ்வொரு எண்ணையும் ஆறு ஆங்கிலக் குறியா எழுதும். 72 பைட், மேற்கோள் குறி சேர்க்காம. இந்தப் பெயரோட நீளம் என்னன்னு கேட்டா கோ மொழி 36ன்னு சொல்லும், பைத்தான் 12ன்னு சொல்லும், ஸ்விஃப்ட் 6ன்னு சொல்லும். மூணும் பொய் சொல்லலை. மூணும் வேற வேற விஷயத்தை எண்ணுது. என் பார்சல் லேபிளுக்கு 32ன்னு முடிவு பண்ணினவர், எதை எண்ணுறோம்னு யோசிக்கலை, அவ்வளவுதான்.

நமக்கே ஒரு பெட்டி

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, 247-க்கும் தனித்தனி எண் கொடுத்துடலாமே"ன்னு உங்களுக்குத் தோணும். தோணினவங்க இருந்தாங்க. செஞ்சும் பார்த்தாங்க.

அந்த முறைக்குப் பெயர் டேஸ்16. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் சொந்தமாக ஒரு 16 பிட் எண். மெய் ஒரு வரிசை, உயிர் ஒரு நெடுவரிசை, பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணை மாதிரியே. வரிசைப்படுத்துவதும் தேடுவதும் எளிது. நெமிலிச்சேரி ஆறே எண், 12 பைட். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும், டேஸ்16-ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது.

கணக்கா பார்த்தா டேஸ்16 அழகா இருக்கு. ஆனா அது யூனிகோட்ல யார் வேணா எப்படி வேணா பயன்படுத்திக்கலாம்னு விட்டிருக்கிற தனியார் பகுதியில உட்கார்ந்திருந்துச்சு. அங்க இருக்கிற ஒரு எண்ணுக்கு உலகம் ஒத்துக்கிட்ட அர்த்தம் எதுவும் கிடையாது. யூனிகோட்ல ஒருமுறை கொடுத்த எண்ணை மாத்த மாட்டாங்க, அதனால பழைய மனையையும் திருத்த முடியாது. அதுக்குள்ள விண்டோஸ் 2000-ல லதா எழுத்துரு வந்தாச்சு, 2003-ல தமிழ் விக்கிப்பீடியா ஆரம்பிச்சாச்சு, வலைப்பதிவுகள் பெருகியாச்சு. எல்லாம் யூனிகோட்ல.

என் கருத்து இதுதான். நமக்கு அளவெடுத்துத் தைச்ச பெட்டி தோத்துச்சு, இரவல் சட்டை மாதிரி இருந்த பெட்டி ஜெயிச்சுது. ஏன்னா சீரியலைசேஷன்ல இடம் எவ்வளவு மிச்சம் ஆகுதுங்கிறதை விட, அந்தப் பக்கம் இருக்கிறவர் படிக்க முடியுமாங்கிறதுதான் பெருசு. 1999-ல 11 பைட்ல எழுதினப்ப யாராலயும் படிக்க முடியலை. இன்னைக்கு 36 பைட்ல எழுதினா டொரண்டோல இருக்கிறவரும் யாழ்ப்பாணத்துல இருக்கிறவரும் ஒரே மாதிரி படிக்கிறாங்க.

அதுக்காக விலை இல்லைன்னு சொல்லலை. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். 7 பிட் ஆங்கிலத்துல 160 எழுத்து. தமிழ்ல எழுதினா எழுத்துக்கு 16 பிட், மொத்தம் 70 இடம். அந்த 70-ம் நம்ம கணக்குல 70 எழுத்து இல்லை, கொம்பும் புள்ளியும் தனித்தனியா இடம் பிடிக்கும். "நெமிலிச்சேரி"ங்கிற ஒரு வார்த்தைக்கே 12 போயிடும். மெசேஜ் ரெண்டா உடைஞ்சா மொத்தமா அனுப்புறவங்களுக்குக் காசும் ரெண்டு பங்கு. தகவல் தமிழ்ல வர்றதா இங்கிலீஷ்ல வர்றதான்னு முடிவாகுற இடத்துல இந்த எண்ணும் உட்கார்ந்திருக்கு.

தாத்தாவோட ஃபைல்

இப்ப மாமாவோட சிடி. ஃபைலைத் திறந்தா தலையில குறி வெச்ச ஐரோப்பிய எழுத்தா வருது. மாமா எந்த ஃபான்ட் போட்டார்னு அவருக்கே ஞாபகம் இல்லை. "ஏதோ நெட்ல இருந்து இறக்கினதுடா. அந்தக் கம்ப்யூட்டரைத்தான் எடைக்குப் போட்டுட்டோமே" அப்படின்னார்.

ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். தாத்தா தன்னோட கதையைச் சொன்னா, ஊர்ப் பெயரைச் சொல்லாம இருக்க மாட்டார். 8 பிட் முறையா இருந்தா அந்தப் பெயர் பெரும்பாலும் 11 பைட். அதுல நாலாவது, ஆறாவது, பதினோராவது மூணும் ஒரே பைட்டா இருக்கணும்: மி, லி, ரி மூணுக்கும் ஒரே கொக்கி. பத்து வரியில ஒரு புரோகிராம் எழுதி, அந்த மாதிரி எங்க வருதுன்னு தேடினேன். ஒரே மாதிரி 11 பைட் திரும்பத் திரும்ப வந்துச்சு. அந்த எண்களை டிஸ்கி அட்டவணையில வெச்சுப் பார்த்தேன். ஒத்துப்போச்சு.

அப்படியே எண்ணுக்கு எண் மாத்தினா முதல்ல வந்தது "ெநமிலிச்ேசரி". கொம்பு முன்னாடி நிக்குது. சொன்னேன் இல்லையா, டிஸ்கி கண்ணுக்குத் தெரியிற வரிசை, யூனிகோட் உச்சரிக்கிற வரிசை. கொம்பு வர்ற இடத்துல எல்லாம் அடுத்த எழுத்தோட இடம் மாத்தி வெச்சேன். ராத்திரி ஒரு மணிக்கு முதல் பக்கம் திறந்துச்சு. ஏரியில தண்ணி இருந்த வருஷம், தாத்தா சின்னப் பையனா கணக்குப்பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து நெல் கணக்கு எழுதக் கத்துக்கிட்டது. அம்மாவை எழுப்பிப் படிச்சுக் காட்டினேன்.

ஒரு இடத்துல மட்டும் வரி வரியா வெறும் இடைவெளி. அது ஃபைல் கெட்டுப்போனது இல்லை. மாமாகிட்ட கேட்டேன். "அப்பா அந்தக் காலத்துக் குறியெல்லாம் போடச் சொன்னார். கால், அரைக்கால், மாகாணி, முந்திரி, குறுணி, பதக்கு. ஃபான்ட்ல எதுவும் இல்லை. இடம் விட்டு வெச்சேன், பிரின்ட் எடுத்தப்புறம் பேனாவால எழுதிக்கலாம்னு." அந்த பிரின்ட் கிடைக்கலை. ஆனா தாத்தாவோட கையெழுத்துல ஒரு பழைய கணக்கு நோட்டு அம்மாகிட்ட இருந்துச்சு, அதே குறிகளோட.

2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12, தமிழுக்கு இன்னொரு பகுதியைச் சேர்த்தது. பின்னங்கள், நெல் அளவைகள், காசு, பணம், வராகன் என்று 51 குறிகள். முதல் எண் 73,664. அது முந்திரி, அதாவது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. கவனிச்சீங்களா? 65,535-ஐத் தாண்டிடுச்சு. 16 பிட் பெட்டியில எங்க தாத்தாவோட முந்திரி ஏறாது. ஜாவா அதை ரெண்டு 'கேர்'னு எண்ணும். யூடிஎஃப்-8-ல நாலு பைட். மூணு பைட்டோட நின்னுபோன மைஎஸ்க்யூஎல்லோட பழைய 'யூடிஎஃப்8' அதை ஏத்துக்காது. நாலு பைட்டுக்கு இடம் தர்ற புது அமைப்பை 2010-லதான் கொண்டுவந்தாங்க.

நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, மாமா விட்ட இடைவெளிகளை ஒவ்வொண்ணா நிரப்பிட்டு இருக்கேன். பாதி முடிஞ்சிருக்கு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு சிடியோ பென்டிரைவோ இருக்கும். அப்பா எழுதின கவிதை, பாட்டி சொன்ன கதை, யாரோட கல்யாணப் பத்திரிகையோ. இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. டைப் பண்ணினவங்க இருந்தா, அவங்ககிட்ட என்ன சாஃப்ட்வேர், என்ன ஃபான்ட்னு கேட்டு ஃபைல் பேர்லயே எழுதி வைங்க. ஃபான்ட் ஃபைல் கிடைச்சா அதையும் கூடவே வைங்க. திறக்கிற ஃபைலா இருந்தா இப்பவே யூனிகோட்ல மாத்தி, ஒரு காகிதப் பிரதியும் எடுங்க. பைட் அழியாம இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச ஆளுங்கதான் இருக்க மாட்டாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.